உருளையும் சாலையும்

1

ஒரு பொருளை அறிய அதை அதன் உலகத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியே வைக்க வேண்டுமா, அல்லது அந்த உலகத்துக்குள்ளேயே விட்டுப் பார்க்க வேண்டுமா? தத்துவ வகுப்பில் இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கார் எஞ்சின்களை மாற்றியமைத்து வேகம் கூட்டுகிறவர்களிடையே, முக்கியமாக அமெரிக்காவில், இதே கேள்வி வேறு பெயரில் பல வருஷங்களாக நடந்துகொண்டிருக்கிறது. அங்கே தப்பான பதிலுக்குப் பிஸ்டன் உருகும். சில சமயம் ஆள் சாவான். பதிலுக்கு விலை உள்ள இடத்தில்தான் ஒரு கேள்வியின் உண்மையான உருவம் தெரிகிறது என்பதால், இலக்கியப் பத்திரிகையில் இதை எழுத எனக்குத் தயக்கமில்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினில் டர்போ பொருத்துகிறார்கள், அல்லது காம்ஷாஃப்டை மாற்றுகிறார்கள். அதன்பின் பழைய கணக்குப் பொருந்தாது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல். பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி - இந்த இரண்டு கேள்விகளுக்கும் எஞ்சினின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பதில் வேண்டும். இன்றைய கார்களில் இந்தப் பதில்கள் ஒரு சிறு கம்ப்யூட்டரில் அட்டவணையாக இருக்கின்றன. ஒரு பக்கம் சுழற்சியின் வேகம், மறுபக்கம் பாரம், நடுவில் நூற்றுக்கணக்கான கட்டங்கள். பாங்கில் லெட்ஜர் எழுதிப் பிழைப்பவனுக்கு இது அன்னியமான காட்சியல்ல. கட்டங்களைச் சரியான எண்களால் நிரப்புவதற்குத்தான் ட்யூனிங் என்று பெயர்.

பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. முழு பலம் வேண்டும்போது காற்றின் பங்கை 13க்கும் 12.5க்கும் குறைக்கிறார்கள், டர்போ இருந்தால் இன்னும் குறைக்கிறார்கள். தீப்பொறியை முன்னுக்கு நகர்த்த நகர்த்த விசை கூடும், ஓர் எல்லை வரை. பல எஞ்சின்களில் அந்த எல்லை வருவதற்குள்ளேயே தீச்சுவாலை எட்டாத கலவை தானாக வெடித்து உலோகத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கத் தொடங்கிவிடும். அதிக பலமும் நாசமும் அடுத்தடுத்த கட்டங்களில் உட்கார்ந்திருக்கின்றன. எந்தக் கட்டத்தில் நிற்பது என்பதை எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அறைக்குள் உருளைகளின் மேல் என்று ஒரு கட்சி, சாலையில் என்று மற்றொரு கட்சி.

2

அறைக் கட்சியின் பரம்பரை நீண்டது. 1821இல் பிரான்ஸில் கஸ்பார் தெ ப்ரோனி, சுழலும் தண்டை ஒரு பிரேக்கால் கவ்விப் பிடித்து, அந்தப் பிடியைத் தாங்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்து எஞ்சினின் விசையை அளந்தார். 1877இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் கப்பல் எஞ்சின்களுக்காக அந்தப் பிரேக்கைத் தண்ணீரால் செய்தார். இன்று டைனோ என்று செல்லமாக அழைக்கப்படும் டைனமோமீட்டர் இவர்களுடைய வாரிசு. காரைப் பட்டைகளால் கட்டிப்போட்டு, சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, முன்னால் ஒரு பெரிய மின்விசிறியை வைத்து ஓடவிடுகிறார்கள். கார் ஓடுகிறது; நகர்வதில்லை.

இந்த ஏற்பாட்டின் மகிமை எளிமையானது. பிரேக் உள்ள உருளையில் எஞ்சினை நிமிடத்துக்கு 3000 சுற்றில் வேண்டிய நேரம் நிறுத்தி வைக்கலாம். மற்றதெல்லாம் மாறாதிருக்கும்போது தீப்பொறியை மட்டும் ஒரு டிகிரி நகர்த்தி விசை கூடியதா என்று பார்க்கலாம்; சந்தேகமிருந்தால் மறுபடியும் பார்க்கலாம். சாலையில் இது நடக்காது. அங்கே மேடும் காற்றும் எதிரே வரும் லாரியும் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிடும். காரணத்தையும் காரியத்தையும் ஒன்றோடொன்று முடிச்சிட அறை தேவைப்படுகிறது. விஞ்ஞானம் என்று நாம் மதிக்கும் காரியத்தில் பாதி இந்தத் தனிமைப்படுத்தல்தான்.

ஆனால் அறையில் ஒரு எண் பிறக்கிறது. பிறந்த எண்ணுக்குத் தனி வாழ்க்கை வந்துவிடுகிறது. எடையுள்ள உருளையைச் சுழற்ற ஆகும் நேரத்தை வைத்துக் கணக்கிடும் இயந்திரம் ஒரு எண்ணைக் கொடுக்கும். பிரேக் போட்டு எதிர்க்கும் இயந்திரம் அதே காருக்கு வேறொரு எண்ணை, பெரும்பாலும் குறைந்த எண்ணை, கொடுக்கும். அறையின் வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப ஒரு திருத்தக் காரணியைப் பெருக்குவதும் உண்டு. ஆகவே எண் உண்மையில் சொல்வது இவ்வளவே: இந்த இயந்திரத்தில், இன்று, இந்த மாற்றத்துக்கு முன்னால் இப்படி, பின்னால் இப்படி. இந்த அடக்கமான வாக்கியத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு எண்ணை மட்டும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் ஏராளம்.

இது தனிமனிதர்களின் அசட்டுத்தனம் மட்டுமல்ல. 1971 வரை அமெரிக்கக் கார் கம்பெனிகள் பெரும்பாலும் வெறும் எஞ்சினை மேடையில் ஏற்றி அளந்த குதிரைசக்தியை விளம்பரம் செய்தன. காரில் அந்த எஞ்சின் சுமக்க வேண்டிய ஏர் ஃபில்டரோ, காரின் சொந்த சைலன்ஸர் குழாயோ, உபரிச் சாதனங்களோ மேடையில் இருக்காது. 1972 மாடலிலிருந்து இவற்றோடு சேர்த்து அளப்பது பொது வழக்கமாயிற்று. ஒரு திருகாணியும் மாறாத எஞ்சினுக்குக்கூட எண் சரிந்தது. முந்தைய எண் பொய்யல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்த மேடையில் அது உண்மை. அந்த எஞ்சின் அந்த மேடையின் மேல் யாரையும் எங்கும் கொண்டுபோய் விடப்போவதில்லை என்பதுதான் சங்கடம்.

3

சாலைக் கட்சியின் வாதம் இங்கே தொடங்குகிறது. கார் வாழும் இடம் சாலை. குளிர்ந்த காலையில் முதல் முறை சாவி திருப்புவது, நெரிசலில் நின்று நின்று நகர்வது, காலை அரை அங்குலம் அழுத்தும்போது துள்ளாமல் முன்செல்வது, நீண்ட ஏற்றத்தில் வெப்பம் சேர்ந்துகொண்டே போவது - இவையெல்லாம் அறையில் சரியாக நடப்பதில்லை. அறையில் முழுபல ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். எவ்வளவு பெரிய மின்விசிறியும் எதிர்காற்றுக்கு ஈடாகாது. உருளையில் உயர்ந்த எண் காட்டிய கார், சாலையில் இறக்கியதும் முரட்டுக் குதிரைபோல் நடந்துகொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இவ்வளவும் நியாயம். ஆனால் இந்தக் கட்சியில் இன்னொரு குரலும் உண்டு. அதுதான் சத்தமாகக் கேட்கிறது. 'எனக்கு எந்த எண்ணும் வேண்டாம், இருக்கையில் உட்கார்ந்தால் உடம்புக்குத் தெரியும்' என்கிற குரல் அது. அனுபவம் என்ற சொல்லை அது ஒரு கதவுபோல் உபயோகிக்கிறது, அடைத்துக்கொள்ள. உடம்புக்கு என்ன தெரியும் என்று விசாரித்தால் கதை வேறாக இருக்கிறது. உடம்பு விசையின் அளவைவிட அதில் ஏற்படும் மாறுதலைத்தான் கூர்மையாக உணர்கிறது. கீழே ஒன்றுமில்லாமல் கிடந்து திடீரென்று டர்போ பிடித்துக்கொள்ளும் கார் முதுகில் உதைக்கிறது. அதைவிடச் சீக்கிரம் தூரத்தைக் கடக்கும் கார், விசை சமமாகப் பரவியிருப்பதால், சாதுவாகத் தோன்றுகிறது. உதை வாங்கியவன் வேகமாகப் போனதாக நம்புகிறான். எண் பொய் சொல்லும் என்றால் முதுகும் பொய் சொல்லும். எண்ணின் பொய்யை மறுபடி அளந்து பிடித்துவிடலாம். முதுகின் பொய்யைப் பிடிக்க இன்னொருவனுக்கு வழியில்லை.

அறையும் ஏமாற்றும், அனுபவமும் ஏமாற்றும் என்று இங்கேயே நிறுத்தி இரண்டையும் கலந்துகொள்ளச் சொன்னால் கட்டுரை சுபமாக முடிந்துவிடும். உண்மையில் தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்: முதலில் உருளையில், மீதி சாலையில். ஆனால் நடைமுறைச் சமரசம் கேள்விக்குப் பதிலாகாது. அறை தன்னை அறியாமல் ஏமாறும் நிலையை மட்டுமே இதுவரை பார்த்தோம். அறைக்குள் வந்திருப்பதைப் பொருளே அறிந்துகொண்டால் என்ன ஆகும்?

4

அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2015 செப்டம்பர் 18 அன்று வோக்ஸ்வாகன் கம்பெனிக்கு அனுப்பிய நோட்டீஸில் அது பதிவாகியிருக்கிறது. அந்தக் கம்பெனியின் டீசல் கார்களில் இருந்த மென்பொருள், ஸ்டியரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடும் நேரம், காற்றழுத்தம் முதலியவற்றைக் கவனித்து, கார் சாலையில் இருக்கிறதா, பரீட்சை அறையின் உருளைகளில் இருக்கிறதா என்று கண்டுகொண்டது. உருளைகளில் புகையைச் சட்டப்படி சுத்தம் செய்தது. சாலைக்கு வந்ததும் அந்தச் சுத்திகரிப்பைத் தளர்த்திவிட்டது. சட்டம் அனுமதித்ததுபோல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வெளியேறின என்றது நோட்டீஸ். உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. எஞ்சின் ஒன்று, கணக்குப் புத்தகம் இரண்டு. இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று. என் தொழிலில் இதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

இது வெளிவந்த விதம் நம் விவாதத்துக்கு முக்கியம். மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அளவுக் கருவிகளைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சாலையில் போனார்கள். மோசடியைத் தேடி அவர்கள் போகவில்லை. அமெரிக்காவில் ஓடும் டீசல் கார்கள் சுத்தமாகவே இருக்கின்றன என்று காட்டலாம் என்ற எதிர்பார்ப்பில் தொடங்கிய ஆய்வு அது. மூன்று கார்கள், ஒன்றை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினார்கள், சுமார் 4000 கிலோமீட்டர். 2014 மே மாதம் அறிக்கை வந்தது. வோக்ஸ்வாகன் கார்கள் இரண்டில் ஒன்று சட்ட அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு, மற்றொன்று 5 முதல் 20 மடங்கு கக்கியிருந்தன. அதே கார்கள் கலிபோர்னியாவில் உருளைகளின் மேல் தேறிய கார்கள். மூன்றாவது, வேறு கம்பெனியின் கார், சாலையிலும் பெரும்பாலும் எல்லைக்குள்ளேயே இருந்தது.

பொய்யைப் பிடித்தது அறையல்ல. உடம்பின் உணர்வும் அல்ல. அந்தக் கார்களை ஓட்டிய லட்சக்கணக்கானவர்கள் திருப்தியாகவே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அளவை அறையிலிருந்து கழற்றிச் சாலைக்கு எடுத்துச் சென்றபோது பொய் பிடிபட்டது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து புதிய ரகக் கார்களுக்குச் சாலையில் அளப்பதும் சட்டமாகிவிட்டது.

பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் பகுதியில் கிளாக்கன் ஒரு மோதிரத்தைப் பற்றிச் சொல்கிறான். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்குக் கிடைத்த மோதிரம் அது. கல்லை உட்பக்கமாகத் திருப்பினால் அணிந்தவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அந்த மோதிரம் விரலில் இருக்கும்போதும் நியாயமாக நடப்பவன் உண்டா என்பது கிளாக்கனின் கேள்வி. வோக்ஸ்வாகன் மென்பொருள் அந்த மோதிரத்தின் நம் காலத்து வடிவம். அங்கே கல் திரும்பினால் மறைவு; இங்கே ஸ்டியரிங் திரும்பினால் மறைவு. உருளையில் கட்டுண்ட காரின் ஸ்டியரிங் அசைவதில்லையே! அந்தரங்கசுத்தி என்று நாம் சொல்வதற்கு நேர் எதிரான குணத்தை ஒரு இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடிந்திருக்கிறது. மனிதர்களுக்குள் எந்த அளவு கற்பிக்கப்பட்ட குணம் அது என்பதற்கும் இது சாட்சி.

5

அறிவு என்ற கோணத்தில் சாலை ஜெயித்துவிட்டது என்று தோன்றலாம். தர்ம நியாயம் என்ற கோணம் இப்போது குறுக்கே வருகிறது. சோதனையில் ஏற்படும் தவறுக்கு யார் விலை கொடுப்பது?

அறையில் தவறினால் எஞ்சின் சாகும். எஞ்சினின் சொந்தக்காரன் அதற்குச் சம்மதித்துத்தான் காரைக் கொண்டுவந்தான். சாலையில் முழுபலக் கட்டங்களை நிரப்ப விரும்புகிறவனின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பின்சக்கரங்களால் ஓடும் ஒரு சாதாரணக் காரில் நாலாவது கியர் ஒன்றுக்கு ஒன்று, கடைசிப் பல்சக்கர விகிதம் 4, டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் 6500 சுற்றைத் தொடும்போது கார் மணிக்கு 195 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். லாப்டாப்பை ஒரு விநாடி எட்டிப் பார்த்தால் 54 மீட்டர் கடந்துவிடும். அந்த 54 மீட்டருக்குள் சைக்கிளில் வருகிற யாரும் இந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. மனிதனை வெறும் சாதனமாக உபயோகிக்காதே என்று கான்ட் சொன்னதை மீற ஒருவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை; ஆர்வம் இருந்தால் போதும். அந்த வழிப்போக்கன் இங்கே சாதனமாகக்கூட இல்லை, அசௌகரியமாகத்தான் இருக்கிறான்.

ஆக, உண்மை இருக்கும் இடம் ஒன்று, அதைத் தேட நமக்கு உரிமை உள்ள இடம் மற்றொன்று என்றாகிறது. இந்த முரணைத் தப்பிக்க முடியாதது என்று எண்ணி மயங்குவது ஒருவகை சோம்பல். சற்று நெருங்கிப் பார்த்தால், சாலையில் சோதிக்கிறேன் என்கிறவன் எந்தச் சாலையைத் தேடுகிறான் என்று தெரியும். நள்ளிரவுக்குப் பின், நேராக, சமதளமாக, ஆளில்லாமல் இருக்க வேண்டும்; ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்ட முடிய வேண்டும். அவன் கேட்பது சாலையே அல்ல. அவன் கேட்பது அறை. மனிதர்களைக் கழித்துவிட்டால் சாலை அறையாகிவிடும் என்று நம்பிக்கொண்டு, வாடகை கொடுக்காமல் அதை உபயோகிக்கிறான். சாலைக்கே உரிய உண்மையோ - குளிர்ந்த காலை, நெரிசல், ஏற்றம், காலின் சிறு அசைவு - யாருக்கும் ஆபத்தில்லாமல், மற்றவர்களின் வேகத்தில், மற்றவர்களுக்கு நடுவில் போகிறவனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அந்த ஆய்வாளர்கள் 4000 கிலோமீட்டரும் சாதாரணமாகத்தான் போனார்கள். உச்சம் அறைக்கு உரியது. அன்றாடம் சாலைக்கு உரியது. உச்சத்தைச் சாலையில் தேடுகிறவன் வழிப்போக்கனின் உயிரைப் பணயம் வைக்கிறான். அன்றாடத்தை அறையில் தேறியதாகச் சான்று காட்டுகிறவன் வழிப்போக்கனின் மூச்சில் கைவைக்கிறான். இரண்டு குற்றங்களிலும் நஷ்டப்படுகிறவன் ஒருவனே.

6

இதையெல்லாம் நமக்கு ஏன் சொல்ல வேண்டும் என்பது இந்நேரம் வெளிச்சமாகியிருக்கும். 1929இல் வெளியான ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் நடைமுறை விமர்சன நூல் ஒரு டைனோ அறையின் குறிப்பேடு. பதின்மூன்று கவிதைகளை, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்து என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தார். பெயர் என்ற எதிர்காற்று இல்லாதபோது படித்தவர்களின் ரசனை எவ்வளவு தடுமாறுகிறது என்பது வெளிப்பட்டது. அது பெரிய காரியம். அறை இல்லாமல் நடந்திருக்காது. நம்மிடையே 1959இல் தொடங்கிய 'எழுத்து'வில் சி. சு. செல்லப்பா வற்புறுத்திய அலசலும், க. நா. சு. நம்பிய ரசனையும் இதே இரண்டு கட்சிகள்தாம். அந்த விவாதத்தில் யார் பக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது சுலபம். பலர் இன்னும் உட்கார்ந்தே இருக்கிறார்கள்.

அவர்கள் இருவரும் எதிர்கொள்ளாத ஒரு நிலைமை அதற்குப்பின் ஏற்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பரீட்சை நடப்பதை அறிந்துகொண்ட கவிதை வந்துவிட்டது. எங்கே இருண்மை வைத்தால் ஆழம் என்று குறிக்கப்படும், எந்தப் படிமத்தைத் தனியாக நிறுத்தினால் விமர்சகன் மேற்கோள் காட்டுவான், எந்த இடத்தில் வரியை உடைத்தால் நிசப்தம் என்று எழுதப்படும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஸ்டியரிங் அசையாத வரை அது அபாரமாக ஓடுகிறது. சிறுபத்திரிகையின் இருநூறு, முந்நூறு வாசகர்கள் என்கிற உருளையிலிருந்து இறங்கியதும் அதில் ஒன்றும் எரிவதில்லை. அலசலால் இதைப் பிடிக்க முடியாது, அது அலசலுக்காகவே தயாரிக்கப்பட்டது. 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்ற முதுகாலும் பிடிக்க முடியாது, அது உதைக்கக் கற்றது.

அளவைக் கையில் எடுத்துக்கொண்டு சாலைக்குப் போவது ஒன்றே மிச்சம். ஒரு கவிதையை அதைப் பற்றி எழுத வேண்டிய அவசியமில்லாத நாட்களில், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வீட்டில் காய்ச்சல்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், மனதில் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் எந்த வரி, ஏன் என்று அப்போதும் அலசுவது. ரசனையைக் கைவிடாத கணக்கு இது, கணக்கைக் கைவிடாத ரசனையும்கூட. இதற்கு மாதங்கள் பிடிக்கும். அடுத்த இதழுக்குள் முடியாது. அதனால்தான் நம்மில் பலருக்கு நள்ளிரவுச் சாலையின் மேல் ஆசை வருகிறது: இருபத்திரண்டு வயதுப் பையன் தன் சொந்தக் காசில் அச்சிட்ட முதல் தொகுப்பு கைக்கு வருகிறது, புதிதாகப் படித்த கோட்பாட்டின் முழுபலத்தையும் அதன்மேல் செலுத்திப் பார்க்கிறோம், எண் எவ்வளவு வருகிறது என்று. கோட்பாட்டைச் சோதிக்க அந்தப் பையன் சம்மதம் கொடுக்கவில்லை. அவன் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.